மன்மதன் பலகை

வணக்கம் நேயர்களே.

தேர்ச் சிற்பங்களில் மன்மதன் பலகை என்று ஒன்று உண்டு. ஒரு முழம் உயரம் இருக்கும், சில ஊர்களில் கொஞ்சம் கூடும், குறையும். நான்கைந்து அங்குலக் கனம். இலுப்பை, தேக்கு, வேங்கை, இவற்றில் ஏதோ ஒரு மரம். தேரின் மரப்பீடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகச் சிற்பங்களைப் பதித்திருப்பார்களே, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. பழைய தேரைப் பிரித்துப் புதுப்பித்தபோதும், தேர் ஓடாமல் கொட்டகையிலேயே இற்றுப்போனபோதும், களவு போனபோதும் இப்படிப்பட்ட பலகைகள் தனித்தனியாக வெளியே வந்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் தேர்ச் சிற்பங்களை அருகில் நின்று பார்க்கலாம். மற்றவை பழம்பொருள் கடையிலும் பெரிய வீட்டு வரவேற்பறையிலும் தொங்குகின்றன. அப்படி ஒரு பலகை உங்கள் பார்வைக்கு வந்தால் அதில் எதைப் பார்ப்பது, எதில் கைவைக்கக் கூடாது என்று இன்று பேசலாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். யோகத்தில் இருந்த சிவபெருமான் மேல் மலர் அம்பு எய்ய மன்மதனைத் தேவர்கள் அனுப்பினார்கள். நெற்றிக்கண் திறந்தது, அவன் சாம்பலானான். ரதி அழுது மன்றாடியதால், உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம் கிடைத்தது. எரித்த தலம் மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கை, சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்டவீரட்டானங்களில் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தில் காமனை எரித்த சிவனின் கற்சிற்பம் இருக்கிறது. தஞ்சை வட்டாரத்துக் காமன் பண்டிகையில் லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய வழக்காடுவார்கள். தேர் செதுக்கிய ஆசாரிகள் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ரதி கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டியவனை மரத்தில் வடித்து, ஊரே பார்க்க வடம் பிடித்து இழுக்கும்படி தேரில் ஏற்றிவிட்டார்கள்.

இனி ஆளை அடையாளம் காண்போம். கையில் வில் இருந்தால் இராமன், அர்ச்சுனன் என்று சொல்லி விற்பவர்கள் நிறையப் பேர். வில்லின் தண்டைப் பாருங்கள். மன்மதன் வில் கரும்பு. நல்ல ஆசாரி அதில் கணு வைத்திருப்பான்: விரற்கடைக்கு ஒன்றாக மெல்லிய வளையம், வளையத்துக்கு மேலும் கீழும் உளியின் ஓரத்தால் இழுத்த ஒரு கோடு. சில பலகைகளில் வில்லின் நுனியிலிருந்து கரும்புத் தோகை ஒன்று மடிந்து தொங்கும். வில் முழுக்க உடைந்துபோயிருந்தாலும் கைப்பிடிக்குள் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும். அந்த ஓர் அங்குலத்தில் கணு தென்பட்டால் போதும். அம்பின் முனை இன்னொரு சாட்சி. இரும்பு முனை போல் கூராக இல்லாமல் மொட்டு போல் தடித்திருக்கும். தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்று அவனுக்கு ஐந்து கணைகள். மரத்தில் இந்த ஐந்தையும் பிரித்துக் காட்ட இடம் கிடையாது, தாமரை மொட்டு ஒன்றைச் செதுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்தது கிளி. அது அவன் வாகனம். காலடியில் இருக்கும், அல்லது தேர் இழுக்கும். ரதி பக்கத்தில் நின்றால் அன்னமோ, கையில் பூவோ, கண்ணாடியோ இருக்கும். கல்லில் இந்த இருவரையும் ஆளுயரத்தில் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்குப் போங்கள். நாயக்கர் காலத்து வேலை. மரத்தில் எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குப் பழக்கம் வர அதைவிட நல்ல இடம் இல்லை.

மன்மதன் பலகையில் மிகவும் ருசியான வகை நவநாரி குஞ்சரம். ஒன்பது பெண்கள் உடலோடு உடல் பின்னி யானையாக நிற்க, அதன் மேல் அவன் அமர்ந்து வில்லை வளைக்கிறான். இதற்கு ஜோடியாக ஐந்து பெண்கள் சேர்ந்த குதிரையில் ரதி எதிரே வருவதும் உண்டு. பஞ்சநாரி துரகம் என்பார்கள். எட்ட நின்று பார்த்தால் யானைதான். கிட்டப் போனால்தான் கால் பெண்ணாகிறது.

இதைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் பாதங்களைப் பாருங்கள். யானையின் நான்கு கால்களும் நான்கு பெண்கள். கொலுசுக்கும் யானை நகத்துக்கும் வேற்றுமை தெரியாதபடி சில ஆசாரிகள் விளையாடியிருப்பார்கள். பிறகு வாலுக்குப் போங்கள். பின்னால் நிற்பவளின் சடைதான் வால். பின்னலின் மூன்று புரியும் முடியில் கட்டிய குஞ்சமும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல கை என்று அறியலாம். முதுகில் ஒருத்தி குப்புறவோ மல்லாந்தோ நீண்டிருப்பாள். தும்பிக்கை பெரும்பாலும் முன்னால் தொங்குபவளின் காலோ கையோதான். மீதிப்பேர் தலையையும் வயிற்றையும் நிரப்புகிறார்கள். யார் எந்த உறுப்பு என்பதில் ஊருக்கு ஊர் மாற்றம் உண்டு. புடைப்புச் சிற்பத்தில் ஒரு பக்கம்தானே தெரியும்? அதனால் ஒன்பது முகமும் முழுசாக அகப்படாது. ஒருத்தி வெறும் கொண்டையாக, இன்னொருத்தி வெறும் தோளாக இருப்பாள். கணக்குக் குறைகிறதே என்று போலி என முடிவுகட்டிவிடாதீர்கள். மேலே அமர்ந்திருப்பவன் எல்லா நேரமும் மன்மதன் என்றும் எண்ணிவிடக் கூடாது. இதே யானை மேல் கண்ணனையும் வைப்பார்கள். குழலா, கரும்பு வில்லா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏன் பெண்களால் ஆன யானை? மன்மதனின் படையைப் புலவர்கள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தென்றல் தேர், கிளி குதிரை, இருள் யானை, மகளிர் சேனை, திங்கள் குடை, கடல் முரசு, குயில் எக்காளம். இதில் மரத்தில் செதுக்க முடிவது எத்தனை? தென்றலுக்கு உருவம் இல்லை, இருளுக்கும் இல்லை. கிளியும் மகளிரும்தான் உளிக்குப் பிடிபடுகிறவர்கள். சேனையை எடுத்தே யானையைக் கட்டிவிட்டால் பட்டியலில் இரண்டு ஒரே பலகையில் அடங்கிவிடுகிறது. இப்படிப் படித்தால் அந்தப் பலகை வெறும் வித்தையாகத் தோன்றாது. படைக்கலமும் படையும் ஊர்தியும் ஒன்றே என்று காமத்தைப் பற்றிச் சொன்ன ஒரு முழு உருவகம் அது. இது என் வாசிப்பு, வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு.

சரி, மரத்துக்கு வருவோம். இதில்தான் பழைய பலகை பேசுவதெல்லாம் இருக்கிறது.

இலுப்பை கனத்த மரம். ஒரு கன அடி சுமார் 25 கிலோ வரும். வேங்கை 22 கிலோ போல. தேக்கு 18 கிலோ சொச்சம். அதனால் பலகையைத் தூக்கிப் பார்த்ததுமே ஓரளவு தெரியும். உயரம் 45, அகலம் 25, கனம் 12 சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டை இலுப்பையாக இருந்தால் செதுக்குவதற்கு முன் 12 கிலோ. செதுக்கியபின் 8 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். ஒற்றைக் கையால் லேசாகத் தூக்க முடிந்தால் ஒன்று அது வேறு மரம், இல்லையென்றால் உள்ளே பூச்சி சாப்பிட்டுவிட்டது.

கட்டை எடுக்கும்போது ஆசாரி முதலில் மரத்தின் நடு மையத்தை விலக்குவார். மையம் உள்ளே மாட்டிக்கொண்டால் எத்தனை வருஷம் கழித்தும் அங்கிருந்து நட்சத்திரம் போல் வெடிப்பு கிளம்பும். ஓரத்து வெள்ளை மரத்தையும் சீவித் தள்ளிவிடுவார், பூச்சிக்கு அதுதான் விருந்து. வைரம் பாய்ந்த பகுதி மட்டும் வேலைக்கு. நிழலில் உலர்த்த வேண்டும், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. வெட்டுமுனைகளில் சாணமோ மெழுகோ பூசி வைப்பார்கள். பக்கவாட்டைவிட முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் சட்டென்று காய்ந்தால் அங்கே பிளக்கும்.

பிறகு முன்முகத்தில் உருவத்தை வரைந்து, வெளிக்கோட்டுக்கு வெளியே உள்ள மரத்தைத் தட்டை உளியால் இறக்குவார்கள். 12 சென்டிமீட்டர் கட்டையில் 7 அல்லது 8 வரை ஆழம் போகலாம், பின்னால் 4 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும். குஞ்சரப் பலகையில் இந்த ஆழத்தை மூன்று தட்டாகப் பங்கிடுவார்கள். மேல்தட்டில் மன்மதனின் முழங்கால், வில் பிடித்த கை, முன்வரிசைப் பெண்களின் தோள். நடுத்தட்டில் யானையின் உடல். அடித்தட்டில் எதிர்ப்பக்கத்துக் கால்கள். தட்டுப் பிரிப்பதில் அரை அங்குலம் தவறினால் எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்கு முகம் வைக்க மரம் இருக்காது. மொழுக்கென்ற கன்னத்தோடு ஒருத்தியைப் பார்த்தால், அங்கே மரம் தீர்ந்துபோனது என்று புரிந்துகொள்ளலாம்.

உடைந்த இடங்களுக்கு வாருங்கள். பழைய பலகைகளில் அம்பு பெரும்பாலும் இருப்பதே இல்லை. யாரும் திட்டமிட்டு ஒடித்ததில்லை, மரத்தின் நார் ஓட்டம்தான் காரணம். நின்ற உருவத்துக்கு நார் மேலிருந்து கீழாக ஓடும்படி கட்டையை வைப்பார்கள். அப்போது உடலும் காலும் நாரோடு போகிறது, உறுதியாக நிற்கும். அம்பு கிடைமட்டம். நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் அதன் நீளத்துக்கு நாரே கிடையாது, அரை அங்குலத் துண்டுகளை ஒட்டவைத்தது போலத்தான் பலம். ஒரு தட்டில் போய்விடும். வில்லின் நடுப்பகுதி செங்குத்து, நாரோடு ஓடுவதால் தப்பிக்கும். இரண்டு நுனிகளும் வளைந்து குறுக்கே திரும்புமிடத்தில் ஒடியும். கணு தேட வில்லின் நடுவைப் பாருங்கள் என்பது இதனால்தான்.

குஞ்சரப் பலகை அகலம் கூடியது. அதற்கு நார் இடமிருந்து வலமாக ஓடும்படி கட்டை எடுத்திருந்தால் எல்லாம் தலைகீழ். அம்பு பிழைத்துக்கொள்ளும். யானையின் கால்களாக நிற்கும் பெண்கள் கணுக்காலில் ஒடிவார்கள். விவரம் தெரிந்த ஆசாரி அதற்கு முன்யோசனையாகக் கால்களுக்கு நடுவே மரத்தை முழுக்க எடுக்காமல் ஒரு கொடியையோ பூவையோ விட்டுவைப்பார். அழகுக்குப் போட்டது போல இருக்கும். அதை எடுத்தால் கால் நிற்காது. வில்லுக்கும் தோளுக்கும் நடுவில் தோகை மடிந்து வருவதும் இதே வேலைதான்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்தப் பலகையையும் பற்றி வாய் திறக்காதீர்கள். கடைக்காரர் சுவரிலிருந்து எடுக்க மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். பழைய பலகையின் பின்புறம், கோடரி போல் வீசிச் செதுக்கும் வாச்சியால் செதுக்கியதாக இருக்கும், சீரற்ற, கையளவு அகலமான, ஆழமில்லாத வெட்டுகள். மேலும் கீழும் கழுந்தோ, அதாவது இணைப்புக்காக நீட்டிவிட்ட முளையோ, கழுந்து நுழையும் துளையோ இருக்கும். பக்கங்களில் அடுத்த பலகை உட்கார்ந்த காடி என்ற நீளப் பள்ளம் இருக்கும். ஆப்பு அடித்த தடம் இருக்கும். இரும்பு ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றி மரம் மையிட்டது போல் கறுத்திருக்கும். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கலந்தால் வரும் கறுப்பு அது, உள்ளே வரை ஊறியிருக்கும். மாறாக, பின்புறத்தில் வில் வில்லாக ஒரே சீரான கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்பம். நெருக்கமான நேர்கோடுகள் என்றால் பட்டை ரம்பம். இரண்டும் இயந்திர வேலை.

புதிதாகச் செய்வதில் தவறில்லை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே புதுப் பலகையைப் புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதை வாங்கிப் புகைபோட்டு, மண்ணில் புதைத்து, பெர்மாங்கனேட் தடவிப் பழசாக்கி விற்கிறவர்களோடுதான் வழக்கு. அந்தச் சாயத்தைக் கண்டுபிடிக்க வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். உண்மையான பழமையில் நிறம் ஒரே மாதிரி இருக்காது. துருத்திய மூக்கு, முழங்கால், மார்பு ஆகியவை கைபட்டு மழமழவென்று இருக்கும். குழிகளில் எண்ணெயும் கற்பூரப் புகையும் தூசியும் சேர்ந்து கெட்டியாக உறைந்திருக்கும். மழை பட்ட பக்கத்தில் மரத்தின் மென்பகுதி கரைந்து, வன்பகுதி வரிவரியாக மேலே நிற்கும். சாயம் போட்டதில் குழியும் மேடும் ஒரே பழுப்பு. புழுத் துளையிலும் ஏமாற்று உண்டு. பூச்சி போட்ட துளை உள்ளே போனதும் திரும்பும், குண்டூசி நேராக இறங்காது. துளைக்கருவி போட்டது கிணறு போல் நேராக இருக்கும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் யோசியுங்கள். தேரில் எட்ட முடியாத உள்மூலையில் தேய்ந்திருந்தால் அங்கே யார் கை போய்த் தேய்த்தது?

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கோபத்தோடு வரும். இந்தப் பலகைகளுக்கு வெயிலும் மழையும் செய்த கேட்டைவிடச் சுத்தம் செய்கிறேன் என்று செய்த கேடு அதிகம். வீட்டு அலங்காரத்துக்கு வெளிறிய மரம் நாகரிகம் என்று ஆனதும், காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கிக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கிறார்கள். முதலில் போவது வண்ணம். மரமாகவே தெரியும் பலகைகள் பலவற்றிலும் சடைப்பின்னல் இடுக்கில், காதணியின் பின்னால், வெள்ளைப் பூச்சும் அதன் மேல் செம்மையோ பச்சையோ கடுகளவு ஒட்டியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டாவது உளித் தடம் போகிறது. கரும்பின் கணுக்கோடு அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது, கம்பித் தூரிகைக்கு அது ஒரு நிமிஷ வேலை. கணு போனால் வில் யாருடையது என்ற சாட்சியே போயிற்று. மூன்றாவது, காரம் நாருக்குள் தங்கிவிடுகிறது. சில மாதத்தில் மேற்பரப்பு பஞ்சு போல் எழும்பி, வெள்ளை உப்பு பூக்கும். அதை மறைக்க வார்னிஷ் அடிப்பார்கள். வார்னிஷ் மஞ்சளித்து உரியும். திரும்பச் சுரண்டல். இப்படி இரண்டு சுற்று போனால் முகத்தில் கண் இருக்காது.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் படம் எடுங்கள். முன், பின், நான்கு ஓரம், பக்கத்தில் ஒரு அளவுகோல். பிறகு மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி, வலை கட்டிய வேக்குவம் குழாயில் இழுங்கள். குழாய் சிற்பத்தைத் தொடக்கூடாது. வலை எதற்கென்றால், உதிர்ந்த சில்லு ஏதாவது போனால் வலையில் தங்கும். வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் அந்த இடத்தில் தூரிகையும் வேண்டாம், பாதுகாப்பு வல்லுநரிடம் போக வேண்டும். வண்ணமே இல்லாத கெட்டியான இடம் என்றால் பஞ்சு சுற்றிய குச்சியை வாலைநீரில், அதாவது காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, பின்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சோதித்துப் பாருங்கள். பஞ்சில் தூசியின் சாம்பல் நிறம் வந்தால் சரி. செம்மையோ பழுப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெயும் புகையும் உறைந்த கறுப்பை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா எண்ணெய் பூசியதன் அடையாளம் அது, தேரில் இருந்த பலகை என்பதற்குச் சாட்சி.

வேப்பெண்ணெய் தடவலாமா, லின்சீட் எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஓடும் தேருக்கு எண்ணெய் சரி, வெயிலில் நிற்கும், அடுத்த வருஷமும் பூசுவார்கள். வீட்டுக்குள் அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். லின்சீட் காலப்போக்கில் கறுத்துக் கெட்டியாகி எடுக்கவே வராது.

பூச்சி இருக்கிறதா என்று பார்க்கப் பலகையை வெள்ளைத் தாளில் நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். மாவு போல் மெல்லிய தூள் விழுந்தால் உளுத்துப்போகச் செய்யும் வண்டு. கசகசா போல், ஆறு பட்டையாக இருக்கும் சின்னஞ்சிறு மணிகள் விழுந்தால் உலர்மரக் கரையான். மண் குழாய் ஏறியிருந்தால் தரைக் கரையான், அதற்குப் பலகையை மட்டும் பார்த்துப் பயனில்லை, சுவரையும் தரையையும் பார்க்க வேண்டும். கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அருங்காட்சியகங்களில் கைக்கொள்ளும் நல்ல வழி மூச்சை அடைப்பது. காற்றுப் புகாத பல அடுக்கு உறையில் பலகையை வைத்து, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஆக்சிஜன் அரை சதவீதத்துக்குக் கீழே இறங்கி, 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் 3 வாரமாவது இருக்க வேண்டும். முட்டைக்குத்தான் அத்தனை நாள் தேவை. சாதாரண பாலித்தீன் பையில் செய்தால் காற்று மெல்லக் கசிந்து பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

குளிர்சாதன அறை பற்றி ஒரு கணக்கு. கடற்கரை ஊரில் திறந்த வீட்டில் இருந்த பலகையில் ஈரம் 14 சதவீதம் போல இருக்கும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது 9-க்கு இறங்கும். இந்த 5 சதவீத இறக்கத்தில் 25 சென்டிமீட்டர் அகலப் பலகை நாருக்குக் குறுக்கே சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். நார் ஓடும் திசையில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை. சுருங்க இடம் விட்டால் சத்தமில்லாமல் சுருங்கிக்கொள்ளும். பின்னால் பிளைவுட் வைத்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கியிருந்தால் அந்த 3 மில்லிமீட்டரும் முகத்தில் வெடிப்பாக வரும். திருகாணி, பசை இரண்டும் கூடாது. கீழே கனத்தைத் தாங்கும் இரண்டு இரும்புத் தாங்கிகள், மேலே சாயாமல் பிடிக்க ஒரு கொக்கி, மரம் படும் இடங்களில் கம்பளித் துணி. அவ்வளவுதான். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் நிறுத்தும் படுக்கையறைதான் இருப்பதிலேயே மோசமான இடம்.

உடைந்த துண்டு கையில் இருந்தால், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையில் ஒட்டலாம், வெந்நீரில் திரும்பப் பிரிக்க வரும். எபாக்ஸி பிரிக்க வராது. இற்றுப்போன மரத்தைக் கெட்டிப்படுத்தப் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்து ஊற விடுவார்கள், இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். இல்லாத அம்பைப் புதிதாகச் செதுக்கி ஒட்டும் ஆசை வரும். பூஜையில் இருக்கும் தேருக்கு அது வேறு நியாயம், ஸ்தபதி முடிவு செய்வார். சேகரிப்பில் உள்ள பலகைக்குத் தேவையில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் மரச் சிற்பங்களும் உண்டு, புடைப்பாக இருந்தாலும் முழு உருவாக இருந்தாலும். வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். எந்தக் கோயில் தேர், எப்போது, யார் வழியாக என்ற கேள்விக்குக் காகிதமில்லாத பலகையை வாங்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இருக்கிறது. சந்தேகம் இருந்தால் படத்தோடு அங்கே தெரிவிக்கலாம்.

கடைசியாக ஜோடிப் பலகை. வலப்புறம் பார்த்து வில் வளைக்கும் மன்மதன் மட்டும் தனியாக வந்தால், இடப்புறம் பார்க்கும் ரதி எங்கோ இருக்க வாய்ப்பு உண்டு. அவளைச் சேர்த்துவைக்க நடையுடை அலங்காரம் உதவாது, அந்த வட்டாரத்து வேலை எல்லாமே ஒரே சாயலில்தான் இருக்கும். உதவுவது அளவுகள். பலகையின் உயரம், அடிப்பட்டையின் அகலம், கழுந்தின் நீளமும் கனமும், கழுந்துக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம், காடியின் ஆழம், இவை அனைத்தையும் மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். ஒரே தேரின் ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவை என்றால் கழுந்து ஒரே உளியால் ஒரே மட்டத்தில் வெட்டியிருக்கும், ஒரு பலகையின் ஓரக் காடிக்குள் அடுத்ததன் நாக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் உட்காரும். ஒரே மரத்திலிருந்து எடுத்தவையாக இருந்தால் வெட்டுமுனையில் ஆண்டு வளையத்தின் வளைவும் இரண்டிலும் பொருந்தி வரும். அந்த அளவுகளோடு படங்களையும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். கழுந்தை மட்டும் சீவிவிடாதீர்கள், சுவரில் ஒட்டி நிற்க இடைஞ்சல் என்று அதைத்தான் முதலில் அறுக்கிறார்கள்.

வணக்கம்.